கிசான் பணம்: பட்டா ஒருவர் பெயரில், சாகுபடி இன்னொருவர் கையில்

கேள்வி:

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். மாமனார் பெயரில் மூன்று மா (ஒரு ஏக்கர்) நிலம் இருக்கிறது. அதுபோக, கணவரின் அண்ணன் 2017-இல் வாங்கிய ஒன்பது மாவையும் நாங்கள்தான் குத்தகைக்குச் செய்கிறோம். போகத்துக்கு மாவுக்கு இரண்டு மூட்டை அளந்துவிடுவோம். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். மாமனார் இருந்தவரை அவர் கணக்குக்கு மத்திய அரசின் பி.எம். கிசான் (விவசாயி உதவித்தொகை) பணம் வந்துகொண்டிருந்தது. 2022 மார்ச்சில் அவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தவணை வந்தது. ஏ.டி.எம். அட்டை எங்களிடம் இருந்ததால் எடுத்து உரம் வாங்கினோம். பிறகு நின்றுவிட்டது. அண்ணன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறார், சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். அவருக்கு இன்றைக்கும் 2,000 ரூபாய் வருகிறது. மழையில் பயிர் போனதற்கு வந்த இன்சூரன்ஸ் பணமும் அவர் கணக்குக்குத்தான் போனது. பாதியைக் கொடுத்தார். நெல்லை மட்டும் கொள்முதல் நிலையத்தில் என் கணவர் பெயரில்தான் போடுகிறோம். இப்போது கடைத்தெருவில் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் கணவர் பெயரில் கிசான் பணம் வாங்கித் தருகிறேன், நின்றுபோன பாக்கியும் சேர்ந்து வரும் என்கிறார். கொடுக்கலாமா? அண்ணன் மேல் புகார் கொடுத்தால் அவருக்கு வரும் பணம் எங்களுக்கு மாறுமா? மாமியார், "குடும்பத்துக்குள்ள இதெல்லாம் வேண்டாம்" என்கிறார்.

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற வேளாண்மை உதவி இயக்குநர்):

அந்தக் கடைத்தெரு ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் ஏற்கெனவே கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலான மாவட்டங்களில் நடந்த கூத்து உங்கள் பக்கமும் பேசப்பட்டிருக்கும். கணினி மையக்காரர்களும் தரகர்களும் அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, நிலமே இல்லாதவர்களை விவசாயி என்று ஏற்றினார்கள். தகுதி இல்லாமல் சேர்ந்தவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், அவர்களுக்குப் போன பணம் சுமார் 110 கோடி என்று அன்றைய வேளாண் துறைச் செயலாளரே சொன்னார். சி.பி.சி.ஐ.டி. வழக்கு, கைது, பணிநீக்கம் எல்லாம் வந்தது. தரகரிடம் காசு கொடுத்துச் சேர்ந்த ஏழைகள் வாங்கிய பணத்தையும் திருப்பிக் கட்டினார்கள், தரகருக்குக் கொடுத்ததையும் இழந்தார்கள். இந்தத் திட்டத்தில் பதிவுக்கென்று யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்தால் பெயரளவுக்கு ஒரு கட்டணம் இருக்கும், அவ்வளவுதான்.

"பழைய பாக்கியும் சேர்ந்து வரும்" என்பது பச்சைப் பொய். புதிதாகப் பதிவு செய்கிறவருக்கு, எந்த நான்கு மாதக் காலத்தில் பதிவாகிறாரோ அதிலிருந்துதான் கணக்கு. ஏற்கெனவே பயனாளியாக இருந்து, ஆதார் சரிபார்ப்பு விட்டுப்போனதால் பணம் நின்றவருக்கு வேண்டுமானால், சரிசெய்த பிறகு நிலுவை வரலாம். உங்கள் வீட்டில் பயனாளியாக இருந்தது மாமனார், உங்கள் கணவர் அல்ல. அவர் புது ஆளாகத்தான் உள்ளே போக வேண்டும்.

இனி, நீங்கள் ஒரே மனத்தாங்கலாக எழுதியிருப்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாமனாரின் மூன்று மா ஒரு கதை, அண்ணனின் ஒன்பது மா வேறு கதை. முதலாவதில் உங்களுக்குக் கிசான் பணம் வர வழி உண்டு. இரண்டாவதில் அந்தப் பணம் வராது. ஆனால் அதைவிடப் பெரிய பணம் அங்கே இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் மூன்று மா.

பி.எம். கிசான் 2019 பிப்ரவரியில், தேர்தலுக்கு முந்தைய இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2018 டிசம்பர் 1 முதல் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றிருந்தது. சில மாதங்களிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டு, சாகுபடி நிலம் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் என்று ஆக்கினார்கள். கால் ஏக்கர் இருந்தாலும் 6,000தான், இருபது ஏக்கர் இருந்தாலும் 6,000தான். நீங்கள் என்ன பயிர் வைத்தீர்கள், எவ்வளவு கண்டது, நட்டது யார், அறுத்தது யார் என்று இந்தத் திட்டம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நில ஆவணத்தில் யார் பெயர் என்று மட்டும்தான் கேட்கிறது. எல்லாரும் இதை விவசாய மானியம் என்கிறார்கள். என் கணக்கில் இது பட்டாவுக்குக் கொடுக்கும் மானியம்.

ஆகவே மாமனாரின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறதா என்பதுதான் உங்கள் வீட்டின் முதல் கேள்வி. கடிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. நம் பக்கத்தில் தாத்தா பெயரில் பட்டா இருக்கும் வயலைப் பேரன் உழுவது சாதாரணம். வில்லங்கம் வராதவரை யாரும் அதைத் தொடுவதில்லை. இப்போது தொட வேண்டும். இறப்புச் சான்றிதழ் இருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியாருக்கும், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த நாத்தனார் இருந்தால் அவருக்கும் உண்டு. அவரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வரும் வழக்கு மூன்று மாவையும் விழுங்கிவிடும்.

இந்த இரண்டையும் வைத்து, வாரிசு அடிப்படையில் எல்லார் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்ற இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாகம் பிரித்துக்கொள்ள வேண்டும், விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்டா என்று காத்திருக்க வேண்டாம். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கிசான் பணத்துக்குக் கூட்டுப் பட்டாவே போதும். விண்ணப்பம் எங்காவது சிக்கிக்கொண்டால், மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்க் கணக்குத் தணிக்கை முகாமில்) மனுக் கொடுங்கள். பட்டா வேலைகள் மற்ற மாதங்களைவிட அங்கே சீக்கிரம் நகரும்.

2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் கைமாறியவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை என்று ஒரு விதி உண்டு. அதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்த விதிக்கு விலக்கும் உண்டு. உரிமையாளர் இறந்து, வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் அந்தத் தேதி தடையில்லை. பதிவின்போது நிலம் எப்படி வந்தது என்று கேட்கும் இடத்தில் தந்தை இறப்பால் வந்தது என்று குறிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும், நிலம் யார் பெயரில் என்று காட்டும் பழைய சிட்டாவும் புதிய சிட்டாவும் கையில் இருக்கட்டும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். வயது வந்த மகன் தாயின் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. ஆகவே கூட்டுப் பட்டாவில் மாமியார் பெயர் ஏறினால் அவர் தனிக் குடும்பம், உங்கள் கணவர் தனிக் குடும்பம். இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவராக மாமியார் இருந்தால் மட்டும் அவருக்குக் கிடையாது. முதியோர் உதவித்தொகை அந்தக் கணக்கில் வராது. தகுதி இருந்தால் நாத்தனார் குடும்பமும் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு வருவதால் இன்னொருவருக்குக் குறையாது.

பதிவு ஆன பிறகு இணையதளத்தில் நிலையைப் பார்க்கும்போது மூன்று இடத்தில் "ஆம்" என்று இருக்க வேண்டும்: நில ஆவண இணைப்பு, ஆதார் வழியான இ-கே.ஒய்.சி. (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு), வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு. மூன்றாவதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விண்ணப்பத்தில் எந்த வங்கிக் கணக்கை எழுதினோமோ அதற்குத்தான் பணம் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தார்களோ அதற்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்குத் தொடங்கிய கணக்கு, அஞ்சல்காரர் வீட்டு வாசலில் தொடங்கிக் கொடுத்த தபால் வங்கிக் கணக்கு என்று மறந்துபோன ஏதாவது ஒன்றில் பணம் விழுந்து கிடக்கும். பணம் வரவில்லை என்று அலைவதற்கு முன் அந்தப் பாஸ்புக்குகளை ஒருமுறை பதிவு போட்டுப் பாருங்கள். இதோடு, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் 2025 முதல் கேட்கிறார்கள். ஆதார், ஆதாரோடு இணைத்த கைபேசி, சிட்டா மூன்றும் இருந்தால் பொதுச் சேவை மையத்திலோ வேளாண் துறை முகாமிலோ எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் பட்டாவில் பெயர் வேண்டும். சுற்றிச் சுற்றி வந்தாலும் பட்டா மாற்றத்தில்தான் வந்து நிற்கிறோம்.

மாமனார் இறந்த பிறகு எடுத்த இரண்டு தவணை, 4,000 ரூபாய். உரத்துக்குத்தானே போட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். ஆனால் விதிப்படி அது திருப்பித் தர வேண்டிய பணம். பயனாளி இறந்ததும் தகவல் சொல்லி அவர் பதிவை முடித்துவைத்திருக்க வேண்டும். இப்போது வாரிசாக விண்ணப்பிக்கும்போது இறப்புத் தேதியை நீங்களே எழுதிக் கொடுக்கப்போகிறீர்கள், தவணைத் தேதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்கு முன் நீங்களாகவே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையை இனி எடுக்க வேண்டாம். வங்கியில் சொல்லி, மீதம் இருப்பதை வாரிசுகள் பெயரில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அண்ணன்.

அவர் நிலம் வாங்கியது 2017 என்கிறீர்கள். ஆகவே தேதியால் அவருக்குத் தடையில்லை. தடை வருமானவரியில் இருக்கிறது. முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமானவரி கட்டியவர் குடும்பத்துக்கு இந்தப் பணம் கிடையாது. சம்பளத்தில் பிடித்ததெல்லாம் வரி கட்டியதாகிவிடாது. கணக்குத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. புதிய வரி முறையில் 2025–26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரித் தள்ளுபடி வந்துவிட்டதால், நேற்றுவரை தகுதி இழந்திருந்த சிலர் நாளை தகுதி பெறலாம். அவர் எந்த ஆண்டில் எவ்வளவு கட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கட்டியிருந்தால் அந்த ஆண்டுகளுக்கு வாங்கியது தகுதியில்லாத பணம்தான், அரசு திரும்பக் கேட்கும்.

ஆனால் நீங்கள் புகார் கொடுத்தால் என்ன ஆகும்? அவருக்கு நிற்கும். உங்களுக்கு வராது. இது ஊருக்கு இத்தனை பேர் என்று இடம் ஒதுக்கிக் கொடுக்கும் திட்டம் இல்லை, ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்வதற்கு. அந்த ஒன்பது மாவில் உங்கள் கணவர் நிலவுடைமையாளர் இல்லை என்பதால் அண்ணன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கணக்கு அங்கே பூஜ்யம்தான். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தப் புகாரால் நீங்கள் இழக்கக்கூடியது குத்தகை. எழுத்தில்லாத குத்தகை. இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம்தான், ஆனால் என் காரணம் வேறு: அண்ணனின் ஒப்புதல் உங்களுக்கு வேறோர் இடத்தில் வேண்டியிருக்கிறது. அவரிடம் நேரில் சொல்லுங்கள். வரி கட்டுகிறவருக்கு இது சேராது, பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள், இணையதளத்திலேயே தானாக விட்டுக்கொடுக்கும் வசதி இருக்கிறது என்று. மிரட்டலாக இல்லாமல், தம்பி மனைவி சொல்லும் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

இனி அந்த ஒன்பது மா. இதை எழுதத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன்.

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கணவர் பெயரில்தான் போடுகிறோம் என்று. அந்த வரியின் பலம் உங்களுக்குத் தெரியவில்லை. கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் நெல்லை எடுக்க மாட்டார்கள். சிட்டாவில் அண்ணன் பெயர் இருக்கும். ஆக, சாகுபடி செய்வது உங்கள் கணவர் என்று கிராம நிர்வாக அலுவலர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அடங்கல் பயிர் யாருடையது என்று சொல்லும். பட்டாவைக் கேட்கும் பணத்துக்கு உங்களிடம் காகிதம் இல்லை. அடங்கலைக் கேட்கும் பணத்துக்கு இருக்கிறது, வருடா வருடம் வாங்குகிறீர்கள், நெல் போட்டதும் தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள்.

பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் (விளைச்சலில் பங்கு கொடுத்துச் சாகுபடி செய்பவரும்) சேரலாம் என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம், குறுவைக்கு இரண்டு சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. நடப்புப் பசலியின் (வருவாய்த் துறை ஆண்டின்) அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா நகல், ஆதார், பாஸ்புக் இருந்தால் பொதுச் சேவை மையத்தில் பதியலாம். அந்தப் பாஸ்புக் யாருடையதோ அவருக்குத்தான் இழப்பீடு. உங்கள் பயிர் போனதற்கு அண்ணன் கணக்கில் பணம் விழுந்ததற்குக் காரணம் அவர் பேராசை என்று நான் நினைக்கவில்லை. அவர் சிட்டாவையும் பாஸ்புக்கையும் கொடுத்து அவர் பெயரில் பதிந்திருப்பீர்கள், அல்லது கூட்டுறவு சங்கத்தில் அவர் பெயரில் பயிர்க்கடன் இருந்து அதோடு சேர்ந்து போயிருக்கும். பாதி கொடுத்தார் என்பதிலேயே அவர் மனது தெரிகிறது. பிரீமியம் யார் கட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களே கட்டியிருந்தால் அந்தப் பாதியும் உங்களுக்குச் சேர வேண்டியதே.

அடுத்த பருவத்தில் செய்ய வேண்டியது, அவர் பெயரில் பதிவாகும் முன் உங்கள் கணவர் பெயரில் பதிவாக வேண்டும். ஒரே சர்வே எண்ணில் ஒரே பயிரை இரண்டு பேர் காப்பீடு செய்ய முடியாது. இரண்டாவதாக வரும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும், சமயத்தில் இரண்டுமே சிக்கலில் மாட்டும். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். கடைசி வாரத்தில் சேவை மைய வாசலில் நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும். விளைச்சல் இழப்பை வருவாய்க் கிராமத்துக்கு என்று மொத்தமாக, பயிர் அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் வயல் மட்டும் மூழ்கி, ஊர் சராசரி நன்றாக இருந்தால் பணம் வராது என்பது டெல்டாக்காரர்களின் பழைய குறை. நெல் வயல் நீரில் மூழ்குவதைத் தனி வயல் அளவில் சேர்ப்பது 2018-இல் எடுக்கப்பட்டது. 2026 காரீஃப் (குறுவை) பருவத்திலிருந்து அதை மீண்டும் கொண்டுவருவதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அப்படி மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பதிவு யார் பெயரிலோ அவர்தான் சொல்ல வேண்டும், அவர் சென்னையில் இருந்தால் யார் சொல்வது?

வெள்ள நிவாரணமும் அப்படித்தான். பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் ஆனால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. மாநில அரசு சில முறை அதற்கு மேலும் கொடுத்திருக்கிறது. 2023 தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு டெல்டாவில் 20,000 என்று அறிவித்தார்கள். ஒன்பது மா என்பது மூன்று ஏக்கர். 17,000 கணக்கில் பார்த்தாலே ஏறக்குறைய 20,600 ரூபாய். அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு மேல் வரும் கிசான் பணம், ஒரே ஒரு வெள்ளத்தில். இந்தப் பட்டியலை வேளாண் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து வயல்வயலாகப் போய் எடுக்கும். கணக்கெடுப்பு வரும் நாளில் உங்கள் கணவர் வரப்பில் நிற்க வேண்டும், கையில் அடங்கல் நகல் இருக்க வேண்டும், பட்டியலில் யார் பெயர், எந்த வங்கிக் கணக்கு எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டியல் மேலே போன பிறகு பெயரை மாற்றுவது குதிரைக்கொம்பு.

இதெல்லாம் தெரிந்தும் குத்தகைக்காரர்கள் ஏன் தங்கள் பெயரில் செய்துகொள்வதில்லை? நில உரிமையாளரின் பயம். 1955-இல் வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது போன்ற காரணங்கள் இருந்து, வருவாய் நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் குத்தகைதாரரை வெளியேற்ற முடியும். 1969 சட்டப்படி வட்டாட்சியரிடம் குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. அந்த நாள் தஞ்சை ஜில்லாவில் எத்தனையோ குடும்பங்கள் வெளியேற்றப்படாமல் தப்பியது இந்தச் சட்டங்களால். இன்று அதே சட்டத்துக்குப் பயந்து, ஒரு துண்டுக் காகிதத்தில்கூட குத்தகைக்காரர் பெயர் வரக் கூடாது என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். அடங்கலில் தம்பி பெயர் வந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அண்ணனுக்கும் யாராவது ஓதியிருக்கலாம்.

அந்தப் பயத்தை எதிர்த்து வாதாடாமல், தீர்த்துவையுங்கள். 1956-இன் நியாய வார (குத்தகைப் பங்கு) சட்டப்படி உரிமையாளருக்குச் சேர வேண்டியது விளைச்சலில் கால் பங்கு. மாவுக்குப் பத்து மூட்டை கண்டால் நீங்கள் கொடுக்கும் இரண்டு மூட்டை ஐந்தில் ஒரு பங்குதான். அண்ணன் கறாரானவர் இல்லை என்று இதுவும் சொல்கிறது. இப்போதைக்கு 1969 சட்டப்படி பதிவுக்குப் போங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். அந்நியரின் நிலமாக இருந்தால் யோசனை வேறாக இருந்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளில், இந்தச் சர்வே எண்ணில் இந்தப் பசலிக்கு என் தம்பி சாகுபடி செய்கிறார், காப்பீடும் நிவாரணமும் அவர் பெயரில் பெற எனக்கு ஆட்சேபமில்லை என்று அண்ணன் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். அது ஒரு வருடத்துக்கான ஒப்புதல். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். ஊருக்கு வரும்போது, பொங்கலோ திருவிழாவோ, மாமியார் முன்னாலேயே கேளுங்கள். அவர் குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்றுதானே சொல்கிறார்? இது சண்டையை முளையிலேயே நிறுத்தும் காகிதம். நெல் அளக்கும்போதும் ஒரு நோட்டில் தேதி, மூட்டை எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

உழுகிறவர்களை விட்டுவிட்டு இது என்ன திட்டம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் வேளாண் நிலைக்குழு, ஆண்டுக்கு 6,000 என்பதை 12,000 ஆக்க வேண்டும், குத்தகை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. 2025 நவம்பர் 19 அன்று கோவையில் பிரதமர் வெளியிட்ட 21-ஆவது தவணையும் அதே 2,000தான். திட்டம் வந்த 2018–19-இல் சன்னரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,770 ரூபாய், 2025–26-இல் 2,389. அன்று 6,000 ரூபாய் கிட்டத்தட்ட 339 கிலோ நெல்லுக்குச் சமம், இன்று 251 கிலோ. 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஐந்தரைக்கு மேல் இருந்தது நாலு சொச்சம் ஆகிவிட்டது. ஆந்திராவில் 2019-இல் சாகுபடியாளருக்கு 11 மாத உரிமை அட்டை கொடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற இடத்தில் அங்கேயும் பலருக்கு அது கிடைக்காமல் போனது. ஒடிசா தன் மாநிலத் திட்டத்தில் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தது. தமிழ்நாட்டில் அடங்கல் என்ற ஆவணம் ஏற்கெனவே ஊர்தோறும் இருக்கிறது. மனம் இருந்தால் அதை வைத்தே பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் சங்கத்தார் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கணவரையும் ஒருமுறை போய் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் போகலாம், நாற்று நடுகிறவர் நீங்களும்தானே.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அண்ணன் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், மாமியார் பெயரில் இந்த வாரமே போடலாம். அதே நாளில் கிராம நிர்வாக அலுவலரிடம் இந்தப் பசலிக்கான அடங்கலை இரண்டு நகல் கேளுங்கள். ஒன்று கொள்முதல் நிலையத்துக்கு, ஒன்று பீரோவுக்கு. கிசான் பதிவில் எங்காவது முட்டிக்கொண்டால் திட்டத்தின் உதவி எண் 155261. தமிழில் பேச ஆள் கிடைக்காவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கே நேரில் போய்விடுங்கள், உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று பலகையில் எழுதியிருக்கும்.